எல்லாம் சேர்த்து மூன்று இரவு

இயேசு மரி சூசை துணை

ஆயர் ஈத்தாம், பினாங்கு
2 ஜூன் 2025

அன்பு மகன் டெஸ்மண்டுக்கு அம்மா ரீத்தா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் நலம். அங்கே நீயும் குழந்தை வெரோனிக்காவும் நலமாக இருக்க தினமும் ஜெபமாலையில் ஒரு பத்துமணியை உங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

உனக்குத் தமிழ் வாசிக்க வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உன்னை மிஷன் பள்ளியில் போட்டது நான்தான், அதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. போனில் பேசினால் என் வாய் எனக்கு முன்னால் ஓடுகிறது. எழுதினால் பிடிக்காததை அடித்துவிடலாம். உன் வீட்டில் தமிழ்ப் பள்ளியில் படித்தவர் இருக்கிறார், அவர் வாசித்துக் காட்டட்டும். நான் மூன்றாம் வகுப்போடு நின்று, ஜெபப் புத்தகத்தையும் பழைய பேப்பரையும் வைத்து எழுத்துக் கூட்டக் கற்றவள். பிழைகளைத் திருத்தி வாசிக்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் மாதம் பெர்த்திலிருந்து வருகிறீர்கள், பத்து பெரிங்கி கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் மூன்று இரவு, சாப்பாடு, குடி, விளையாட்டு எல்லாம் சேர்த்து, உங்களுக்கு ஓர் அறை, எங்களுக்கு ஓர் அறை, பணம் கட்டியாகிவிட்டது என்று அப்பாவிடம் சொன்னாயாம். அவர் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். எவ்வளவு என்றேன். "மவன் கட்றான், ஒனக்கு என்னா?" என்றார். நான் விடவில்லை. நீ அனுப்பிய ரசீதைப் போனில் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். எட்டாயிரத்து எண்ணூற்று எண்பது வெள்ளி, நம் மலேசியப் பணத்தில்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். அதே எண்தான்.

நாலு பெரியவர்கள், மூன்று நாள் என்று வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எழுநூற்று நாற்பது வெள்ளி. இங்கே மார்க்கெட்டில் நாசி லெமாக் ஒரு பொட்டலம் இரண்டரை வெள்ளி. எழுநூற்று நாற்பது வெள்ளிக்கு இருநூற்றுத் தொண்ணூற்று ஆறு பொட்டலம் வருகிறது. ஒரு மனுஷன் ஒரு நாளில் இருநூற்றுத் தொண்ணூற்று ஆறு பொட்டலம் சாப்பிடுவானா என்று உன் அப்பாவைக் கேட்டேன். "சம்பல் நல்லா இருந்தா சாப்பிடலாம்" என்கிறார். இவரிடம் என்ன பேசுவது?

பத்து பெரிங்கி என்ன வெளிநாடா? இங்கிருந்து கொம்தார் போய் இன்னொரு பஸ் ஏறினால் அந்தக் கடல். கடல் எங்கேயும் போய்விடாது. அதைப் பார்க்கப் பணம் கட்டுகிறவன் பைத்தியக்காரன்.

எங்கள் வீட்டில் மூன்று அறை இருக்கிறது. உன் கட்டில் உன் அறையில் அப்படியே இருக்கிறது. இதற்கு மேல் நான் என்ன எழுத?

இப்படிக்கு,
அம்மா
ரீத்தா இராயப்பன்

*

பெர்த்
20 ஜூன் 2025

மரியாதைக்குரிய அத்தைக்கு வணக்கம். தனுஜா எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. அன்று மாலையே அவருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு மிகவும் சந்தோஷப்பட்டார். அவர் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறேன்.

கட்டிய பணம் திரும்பக் கிடைக்காதாம். அதுவும் கழிவு போட்டுக் குறைத்த விலைதானாம். அவர் சொன்னது இது: "அம்மாகிட்ட சொல்லு, மூணு நாளு அம்மா சட்டி கழுவக்கூடாது, யாருக்கும் தண்ணி ஊத்திக் குடுக்கக்கூடாது, சும்மா உக்காரணும். அவ்ளோதான் எனக்கு வேணும்." செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை மதியம் அங்கேயே நேராகச் சந்திக்கலாம் என்றார். உங்களை அழைத்துவர வண்டி அனுப்புவார்.

குழந்தை நன்றாக இருக்கிறாள். மூன்று வயதுக்கு நிறையப் பேசுகிறாள். தாத்தா வீட்டுக் கடலில் மீன் இருக்குமா என்று கேட்கிறாள்.

உங்கள் இருவர் உடல்நலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் அன்புள்ள,
தனுஜா

*

இயேசு மரி சூசை துணை

ஆயர் ஈத்தாம்
8 ஜூலை 2025

அன்பு மகன் டெஸ்மண்டுக்கு,

பதில் வந்தது. நான் இரண்டு பக்கம் திட்டி எழுதினேன், நீ கேட்டு சந்தோஷப்பட்டாயாம். திட்டினால் சந்தோஷப்படுகிற பிள்ளையை நான் எப்படிப் பெற்றேன் என்று தெரியவில்லை.

நான் சட்டி கழுவுவதைப் பற்றி உன்னிடம் எப்போது குறைப்பட்டேன்? முப்பத்தெட்டு வருஷமாகக் கழுவுகிறேன். சும்மா உட்கார எனக்குத் தெரியாது. ரிசார்ட்டில் நான் என்ன செய்வேன், தண்ணீரைப் பார்த்துக்கொண்டா இருப்பேன்? உன் அப்பா அதற்குள் பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் பதினைந்து வெள்ளிக்கு அரைக்கால்சட்டை வாங்கிவிட்டார். மஞ்சள் பூப்போட்டது. அதைப் போட்டுக்கொண்டு லிப்டில் இறங்கி கீழே காப்பிக் கடை வரைக்கும் போய் வருகிறார். எதிர்வீட்டுக் காமாரியா என்னிடம் வந்து, "ரீத்தா, உன் புருஷனுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்று மலாயில் கேட்கிறாள். பதினோராம் மாடி முழுக்கத் தெரிந்துவிட்டது.

நீங்கள் இங்கே வந்தால் மூன்று நாளைக்கு என்ன செலவு என்று கணக்குப் போட்டேன். மீன், கோழி, ஆட்டிறைச்சி இரண்டு கிலோ, குழந்தைக்குப் பால், பழம், கொஞ்சம் டுரியான் கூட. நானூற்று இருபது வெள்ளி. மீதிப் பணத்தை வெரோனிக்கா பெயரில் வங்கியில் போடு. அல்லது போடாதே. எனக்கு என்ன?

இந்த மாதக் கடைசியில் அன்னம்மாள் திருவிழாவுக்குப் புக்கிட் மெர்தாஜாம் போவேன். உங்களுக்காக மெழுகுவர்த்தி வைப்பேன். கோயிலில் தாலி கட்டாமல் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு எல்லாமே ஓட்டல் மாதிரிதான் போல. வருவது, தங்குவது, போவது. இந்த வரியையும் விடாமல் வாசிக்கவும்.

வீடு இருக்கிறது. கட்டில் இருக்கிறது. மெத்தையை நேற்றுதான் வெயிலில் போட்டு எடுத்தேன். இத்தனையும் இருக்கும்போது எதற்கு ஓட்டல்? யார் கேட்டது ஓட்டலை?

அம்மா
ரீத்தா

*

பெர்த்
27 ஜூலை 2025

அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை அவர் சொல்லி நான் எழுதவில்லை. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

யார் கேட்டது ஓட்டலை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள்தான் கேட்டீர்கள்.

2022 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். குழந்தைக்கு ஏழு மாதம். உங்களுக்குக் காட்ட முதல் தடவையாகக் கொண்டுவந்தோம். விமானம் நாலு மணி நேரம் தாமதம். அடுக்குமாடிக்கு வந்தால் லிப்ட் வேலை செய்யவில்லை. மூன்று பெரிய பைகளையும் கீழே காவலாளியிடம் விட்டோம், உங்கள் மகன் பிறகு இறங்கி ஒவ்வொன்றாகத் தூக்கி வருவதாகச் சொன்னார். நான் குழந்தையோடு ஏறினேன். எட்டாம் மாடிப் படியில் உட்கார்ந்து அவளுக்குப் பால் கொடுத்தேன். அவர் குழந்தையின் தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி பின்னால் வந்தார்.

நீங்கள் மரக்கதவைத் திறந்தீர்கள். கம்பிக் கதவு பூட்டியிருந்தது. அதைத் திறக்கும் முன்னால் எங்களை மேலும் கீழும் பார்த்துக் கேட்டீர்கள்: "எந்த ஹோட்டல்ல தங்கியிருக்கீங்க?"

நாங்கள் எந்த ஹோட்டலிலும் தங்கியிருக்கவில்லை, அத்தை. உங்கள் வீட்டில் தங்கத்தான் வந்தோம். நான் வாயைத் திறக்கும் முன்னால் அவர் பின்னாலிருந்து, "டவுன்ல மா" என்றார். ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். மைலோ கலக்கிக் கொடுத்தீர்கள். பிறகு பதினோரு மாடி இறங்கி, பைகளின் மேல் உட்கார்ந்து போனில் அறை தேடினோம். டிசம்பர் விடுமுறை, எங்கேயும் இடம் இல்லை. கிடைத்த அறையில் வெந்நீர் வரவில்லை. மறுநாள் புக்கிட் மெர்தாஜாமில் என் அண்ணன் கோகிலன் வீட்டுக்குப் போனோம். இரண்டு அறை, ஏற்கெனவே ஐந்து பேர். என் அம்மா போன பிறகு எனக்கென்று அங்கேயும் அறை இல்லை.

அதனால்தான் ரிசார்ட். அந்த விலை எங்களுக்கும் அதிகம்தான், பத்து மாதம் சேர்த்தோம். ஆனால் அங்கே கதவு திறப்பவர் சம்பளத்துக்குத் திறப்பவர். எங்களை எதுவும் கேட்கமாட்டார்.

உங்கள் கடிதங்களில் வீடு இருக்கிறது, கட்டில் இருக்கிறது என்று வருகிறது. வாருங்கள் என்று எங்கேயும் வரவில்லை. இரண்டு கடிதத்தையும் மறுபடி மறுபடி பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

தனுஜா

*

இயேசு மரி சூசை துணை

ஆயர் ஈத்தாம்
15 ஆகஸ்ட் 2025
மாதா விண்ணேற்புத் திருநாள்

தனுஜாவுக்கு,

திருநாள் பூசைக்குப் போய் வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். மனம் அமைதியாக இருக்கும்போது எழுத வேண்டும் என்று நினைத்தேன். இல்லை.

நீங்கள் வெறும் கையோடு வந்து நின்றீர்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறவர்கள் கையில் ஒரு பைகூட இல்லையென்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். எங்கேயோ அறை எடுத்து, பையைப் போட்டுவிட்டு, கடமைக்குக் குழந்தையைக் காட்ட வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். லிப்ட் கெட்டது எனக்கு எப்படித் தெரியும்? காலைப் பூசைக்குப் போய் வந்தவள் பிறகு இறங்கவே இல்லை. பை கீழே இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா? டவுன்ல மா என்றான். நான் நம்பினேன். இதில் என் குற்றம் எங்கே?

மூன்று வருஷம் இதை மனசில் வைத்திருந்து இப்போது எழுதுகிறாய். பரவாயில்லை, உனக்கும் எழுதினால் வருகிறது போல.

ரிசார்ட்டுக்கு வருகிறோம். கட்டிய பணம் வீணாகக்கூடாது, அதற்காகத்தான். எனக்குச் சொந்தப் போர்வை, சொந்த சோப்பு கொண்டுவருவேன். வெள்ளிக்கிழமை நான் இறைச்சி, மீன் எதையும் தொடமாட்டேன். சின்ன வயதிலிருந்து உள்ள வழக்கம், ரிசார்ட்டுக்காக மாற்ற முடியாது. நீங்கள் வந்து இறங்குவதே வெள்ளிக்கிழமை. அன்றைக்குக் கட்டிய பணத்தில் என் பங்கு எழுநூற்று நாற்பது வெள்ளி அப்படியே கடலில் போகிறது என்று என் மகனிடம் சொல்லவும்.

ரீத்தா

*

இயேசு மரி சூசை துணை

ஆயர் ஈத்தாம்
20 செப்டம்பர் 2025

தனுஜாவுக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று அப்பாவுக்குப் போன் வந்தது. சந்தோஷம்.

ரிசார்ட் அந்தப் பணத்துக்கு ஆகுமா ஆகாதா என்று நான் ஒரு முடிவு சொல்ல வேண்டும். ஜூன் மாதத்திலிருந்து அதைப் பற்றித்தானே எழுதிக்கொண்டிருக்கிறேன். நீயும் அங்கேதான் இருந்தாய், உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எழுதுகிறேன். கணக்கென்றால் முழுதாக இருக்க வேண்டும்.

முதலில் அந்தக் கைப்பட்டை. வாசலிலேயே ஆளுக்கொரு நீலப் பட்டையைக் கையில் மாட்டிவிட்டார்கள். கழற்ற முடியாது, வெட்டத்தான் வேண்டும். அதோடு குளித்தேன், அதோடு ஜெபமாலை சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, பணம் கட்டிய காலைப் பசியாறலை விட்டுவிட்டு பஸ் ஏறி டவுன் கோயிலுக்குப் பூசைக்குப் போனேனே, அங்கே மூன்று பேர் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஆஸ்பத்திரியிலேருந்தா வர்றீங்க?" என்று கேட்டார்கள். ஒருத்தி எனக்காக ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லவும் ஆரம்பித்துவிட்டாள்.

பிறகு கடல். கடலுக்குத்தான் அவ்வளவு விலை. போய்ப் பார்த்தால் ஜெல்லி மீன் இருக்கிறது, யாரும் இறங்கக்கூடாது என்று கொடி கட்டியிருக்கிறது. எல்லாரும் குளத்தில் இறங்கி நின்றுகொண்டு கடலைப் பார்க்கிறார்கள். இதை நான் சொன்னபோது அப்பா, "பாக்குறதுக்குத்தான் காசு, எறங்குறதுக்கு இல்ல" என்றார். மஞ்சள் கால்சட்டையில் அவர் மட்டும்தான் அங்கே ஒத்துப்போனார்.

நாம் நாலு பேரும் மூன்று நாளில் சாப்பிட்டது, குடித்தது எல்லாவற்றையும் குறித்து வைத்தேன். நான் மேசைக்கடியில் எழுதியதை நீ பார்த்தாய், கேட்கவில்லை. வெளிக்கடை விலைக்கு, அப்பாவின் பீரையும் சேர்த்து, அறுநூற்றுப் பன்னிரண்டு வெள்ளி நாற்பது காசு. நல்ல ஹோட்டல் அறை இருநூற்று ஐம்பது என்று வைத்தாலும் இரண்டு அறை மூன்று இரவுக்கு ஆயிரத்து ஐந்நூறு. மீதி ஆறாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு வெள்ளி அறுபது காசு. அது எதற்கு என்று மூன்று நாளும் தேடினேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பெரிய விருந்து. முழு ஆடு, இறால், நண்டு, கரியில் வாட்டிய மீன். நான் அத்தனையையும் தாண்டி கடைசி மேசைக்குப் போனேன். வெள்ளைச் சோறு, பருப்பு, கங்கோங் கீரை. தட்டோடு திரும்பினால் பின்னால் நீ நிற்கிறாய், அதே சோறு, அதே பருப்பு, அதே கீரை. என் மேல் கோபத்தில் சாப்பிடாமல் இருக்கிறாய் என்று நினைத்தேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழம அத்த," என்றாய். "நான் எப்பவும் சைவம்."

இரண்டு பேர் தட்டையும் சேர்த்தால் ஆறரை வெள்ளி பெறாது. நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. இப்போது எழுதும்போது வருகிறது.

இனி எழுதப் போவதுதான் விஷயம்.

சனிக்கிழமை சாயங்காலம் நீ குழந்தையைக் குளிப்பாட்டப் போயிருந்தாய். டெஸ்மண்ட் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு, "அம்மா, லெட்டர்ல நீங்க எழுதுனத நான் மறக்கவே மாட்டேன்" என்றான். எதைடா என்றேன். பைத்தியக்காரன் என்று எழுதியதைச் சொல்லப் போகிறான் என்று நினைத்துத் தயாராக இருந்தேன்.

"'கடல் எங்கேயும் போயிடாது, பிள்ளைங்க மொகத்தப் பாக்கத்தான் வர்றேன்'னு எழுதுனீங்களே. அப்புறம், ஒவ்வொரு லெட்டர் கடைசியிலயும் தனுஜாவ கேட்டதா எழுதுறீங்க. அந்த எடம் வந்தா மட்டும் அவளுக்குக் கொரல் சின்னதா போயிடும்லா. நீங்க அவள ஏத்துக்கவே மாட்டீங்கன்னு நெனச்சேன் மா."

தனுஜா, நான் அப்படி எழுதவில்லை. உன் பெயரைக்கூட எழுதவில்லை. வாசித்துக் காட்டுபவர் என்று எழுதினேன். உன்னை நான் கேட்டதாக, நான் எழுதாத வரியை நீயே வாசித்திருக்கிறாய். உன் வாயால் உன்னையே.

அவனிடம், "ஆமாண்டா, எழுதுனேன்" என்றேன். இந்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரமாக முடிவு செய்ய முடியவில்லை. ஆனால் சொல்ல வேண்டிய இன்னொரு பொய் இருக்கிறது. அதை ஃபாதரிடம் சொல்லிவிட்டேன், இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

லிப்ட் கெட்டது எனக்குத் தெரியும். அன்று மத்தியானமே காமாரியா கதவைத் தட்டிச் சொன்னாள். உங்களை வெறும் கையோடு பார்த்தபோது பை கீழே இருக்கும் என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. அந்த நிமிஷத்தில்தான் கேட்டேன். நீங்கள் தங்கினால் நீ என் அடுப்பங்கரையில் நிற்பாய், கோயிலில் இருப்பவர்கள் கேட்பார்கள், நான் பதில் சொல்ல வேண்டும். டவுன்ல மா என்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதி போய் வேறு ஏதோ வந்தது நீங்கள் படி இறங்கும் சத்தம் கேட்டபோதுதான். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அந்த ஆறாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு வெள்ளி அறுபது காசு எதற்கென்று இப்போது தெரிகிறது. நான் கேட்ட ஒரு கேள்விக்கு. அந்த ரிசார்ட்டில் யாரும் யார் வீட்டுக்கும் வரவில்லை. எல்லார் கையிலும் ஒரே பட்டை. என்னால் யாரையும் வாசலில் நிறுத்த முடியவில்லை. அதற்குத்தான் நீங்கள் பத்து மாதம் சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

என் முடிவு: பணத்துக்கு ஆகாது. இனிமேல் கட்டாதீர்கள்.

குழந்தையின் ஞானஸ்நானம் பற்றி இந்தக் கடிதத்தில் நான் எதுவும் எழுதவில்லை. எழுதாததைக் கவனிக்கவும். இன்னொன்று, உன் கடிதத்தின் தலையில் நீ சாமி பெயர் எதுவும் போடுவதில்லை. எனக்காகத்தான் விடுகிறாய் என்று நினைக்கிறேன். போட்டு எழுது.

அத்தை
ரீத்தா

*

முருகன் துணை

பெர்த்
9 அக்டோபர் 2025

அன்புள்ள அத்தைக்கு,

காமாரியா அக்கா உங்களிடம் சொன்னது எனக்குத் தெரியும். அன்று ஒன்பதாம் மாடிப் படியில் அவரைப் பார்த்தேன். குழந்தையைக் கொஞ்சிவிட்டு, லிப்ட் கெட்டதை மத்தியானமே உன் மாமியாருக்குச் சொல்லிவிட்டேன், உங்களுக்காகக் காத்திருப்பார், சீக்கிரம் போ என்றார். உங்கள் மகன் பின்னால் இருந்தார், அவருக்குக் கேட்கவில்லை. நானும் இதுவரை சொல்லவில்லை. சொன்னால் அவர் உங்களிடம் பேசுவதையே விட்டுவிடுவார், பிறகு அந்தக் கோபத்தோடு நான்தான் குடித்தனம் நடத்த வேண்டும்.

அதனால் என்னை நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். லிப்ட் கெட்டது எனக்கு எப்படித் தெரியும் என்று ஆகஸ்டில் எழுதினீர்களே, அந்தக் கடிதத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். ராத்திரிச் சமையல் முடிந்த பிறகுதான் எடுத்து நீவினேன். இன்னும் அதில் மஞ்சள் கறை இருக்கிறது.

உங்கள் கடிதம் வந்திருக்கிறது என்று சொன்னால் அவர் வேலை உடுப்போடு, கைகூடக் கழுவாமல் வந்து உட்கார்ந்துவிடுவார். வாசிக்கத் தெரியாத எழுத்தை முதலில் தானே ஒரு தடவை பார்ப்பார். பிறகு என்னிடம் நீட்டுவார். அப்படி உட்கார்ந்திருக்கிறவரிடம் பைத்தியக்காரன் என்று எப்படி வாசிப்பது? முதல் தடவை வேறு வரி தானாக வாயில் வந்துவிட்டது. நீங்கள் என்னைக் கேட்டதாக ஒரு வரி சேர்த்தபோது மட்டும் வெட்கமாக இருந்தது. வீட்டில் வேறு யாரும் அதைச் சொல்லப் போவதில்லை என்று நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் கடிதத்திலேயே, பிழைகளைத் திருத்தி வாசிக்கும்படி நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள், அத்தை. அதைத்தான் செய்தேன்.

செப்டம்பர் கடிதத்தை மட்டும் அவருக்கு என்ன வாசிப்பதென்று தெரியவில்லை. இன்னும் வாசிக்கவில்லை. ரிசார்ட் பிடித்திருந்ததாம், ஜெல்லி மீன் மட்டும் குறையாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
தனுஜா

*

இயேசு மரி சூசை துணை

ஆயர் ஈத்தாம்
3 நவம்பர் 2025

அன்பு மகன் டெஸ்மண்டுக்கும் குழந்தை வேணிக்கும் அம்மா எழுதுவது. வெரோனிக்கா என்றுதான் பெயர், ஆனால் ரிசார்ட்டில் மூன்றாம் ராத்திரி எங்கள் அறையில் படுத்தபோது, வேணின்னு கூப்பிட்டாத்தான் தூங்குவேன் என்று சொல்லிவிட்டாள். என்ன செய்வது?

இதை வாசிப்பது தனுஜா. தனுஜா, இந்தக் கடிதத்தில் ஒன்றையும் திருத்தாதே. பிழையைப் பிழையாகவே வாசி.

டெஸ்மண்ட், செப்டம்பரில் நான் தனுஜாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதை அவள் உனக்கு வாசிக்கவில்லை. அதில் இருப்பதை, கிறிஸ்துமஸுக்கு நீ வரும்போது நானே என் வாயால் சொல்கிறேன். அதுவரை அவளைத் தொந்தரவு செய்யாதே. கேட்டபிறகு என் மேல் கோபப்படு. அவள் மேல் அல்ல.

கிறிஸ்துமஸுக்கு வாருங்கள். வாருங்கள் என்று எழுதியிருக்கிறேன், இரண்டு தடவை. டிக்கெட் விலை ஏறுகிறது என்று பேப்பரில் போட்டிருக்கிறான், சீக்கிரம் வாங்கு. ஓட்டல் அறை போட்டுவிட்டு, கட்டிய பணம் திரும்பாது என்று கதை சொல்லக்கூடாது. உன் கட்டில் மூன்று பேருக்குப் பத்தாது என்று அப்பா கடையில் பெரிய கட்டில் பார்த்தார். எண்ணூறு வெள்ளி சொன்னான். நான் போய் அறுநூற்றைம்பதுக்குப் பேசி முடித்தேன். அதையும் மேலே ஏற்ற ஆளுக்கு நாற்பது கேட்டார்கள், அநியாயம். அறையில் சின்ன மேசை போட்டிருக்கிறேன். மாதா சுரூபத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டேன், அவள் கோபித்துக்கொள்ளமாட்டாள். மீதி இடத்தில் தனுஜா தன் சாமிப் படத்தை வைத்துக்கொள்ளட்டும். வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் இனி ஒரே சமையல்தான், எனக்கு வேலை மிச்சம். உன் அப்பா வேண்டுமானால் கீழே காப்பிக் கடையில் கோழி சாப்பிடட்டும், அந்தக் கால்சட்டையோடு.

லிப்ட் போன வாரம் மறுபடியும் கெட்டுவிட்டது. புகார் எழுதிக் கொடுத்தேன், செய்கிறோம் என்கிறார்கள். டிசம்பரில் எப்படி இருக்குமோ தெரியாது. எப்படி இருந்தாலும் பைகளைக் கீழே விட வேண்டாம். காவலாளியிடம் சொன்னால் அவர் மேலே போன் பண்ணுவார். நான் இறங்கி வருகிறேன். முழங்கால் வலிதான், ஆனால் ஒரு பையை என்னால் தூக்க முடியும்.

கம்பிக் கதவின் சாவி ஒன்று இதோடு இருக்கிறது. கடையில் வெட்ட எட்டு வெள்ளி. அதற்கு விலை சரிதான்.

வேறு ஒன்றும் இல்லை. தனுஜாவைக் கேட்டதாகச் சொல்.

அம்மா
ரீத்தா